கப்பலின் நற்பெயர் துறைமுகத்தைக் காக்காது

நெரிசலான துறைமுகத்துக்குள் எரிவாயுக் கப்பல்கள் வந்துபோவதைப் பற்றி யார் கேள்வி கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. திரவமாக்கிய இயற்கை எரிவாயு (எல்.என்.ஜி.) கடல்வழியே செல்லத் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பல்லாயிரம் பயணங்கள் நடந்து முடிந்திருக்கின்றன. கப்பலின் சரக்குத் தொட்டி பிளந்து கரையில் இருந்தவர்கள் மாண்டதாக ஒரு நிகழ்வும் இல்லை. கப்பல் துறையிலேயே மிகக் கண்டிப்பான விதிகள் இவற்றுக்குத்தான். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. பயப்படுகிறவர்கள் விவரம் அறியாதவர்கள், இல்லாவிட்டால் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவர்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதிகாரி சொல்வதும் இதுதான், தொலைக்காட்சி விவாதத்தில் வல்லுநர் சொல்வதும் இதுதான். நன்கு படித்தவர்களும் இதை ஏற்றுக்கொண்டு தலையாட்டுகிறார்கள்.

இதில் உள்ள தகவல்கள் பெரும்பாலும் சரியானவை. அவற்றிலிருந்து இழுக்கப்படும் முடிவு தவறானது. கப்பல் நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது ஒரு செய்தி. அது வந்துசேரும் துறைமுகமும் அதையடுத்த ஊரும் பாதுகாப்பாக இருக்கின்றன என்பது முற்றிலும் வேறொரு செய்தி. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நிரூபித்துவிட்டதாக நம்மை நம்பவைக்கிறார்கள். அந்த நம்பிக்கையின் விலையைக் கொடுப்பவர்கள் வடசென்னையின் எண்ணூர் போன்ற கரையோரங்களில் வாழ்கிறவர்கள். அதனால்தான் இதை வரிவரியாக மறுக்க வேண்டியிருக்கிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொள்வோம். 1959இல் மீத்தேன் பயனியர் என்ற கப்பல் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து இங்கிலாந்தின் தேம்ஸ் முகத்துவாரத்தில் உள்ள கான்வே தீவுக்கு முதல் திரவ எரிவாயுச் சரக்கைக் கொண்டுசேர்த்தது. அன்றிலிருந்து இந்தக் கப்பல்களின் வரலாறு பெருமைக்குரியதுதான். 1979இல் எல் பாசோ பால் கைசர் என்ற கப்பல் முழுச் சுமையோடு ஜிப்ரால்டர் நீரிணையில் பாறையில் ஏறியது. அடிப்பாகம் கிழிந்தும் சரக்கு கசியவில்லை. அதை இன்னொரு கப்பலுக்கு மாற்றினார்கள். வாயுக் கப்பல்களின் கட்டுமானத்துக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு 1986 முதல் கட்டாயமாக இருக்கிறது. இரட்டை உடல், குளிர் தாங்கும் உலோகம், கசிவைக் கண்டறியும் கருவி, அவசரத்தில் குழாயை மூடும் அமைப்பு என்று ஒவ்வொன்றும் பொறியாளர்களின் உண்மையான உழைப்பு.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘மிதக்கும் அணுகுண்டு’ என்று இந்தக் கப்பல்களை வருணிப்பவர்கள் தங்கள் தரப்புக்கே தீங்கு செய்கிறார்கள். மைனஸ் 162 டிகிரியில் திரவமாக இருக்கும் மீத்தேன் அந்த நிலையில் எரியாது. ஆவியாகிக் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பற்றும். திறந்த வெளியில் அது பெரும்பாலும் வெடிக்காமல் எரியவே செய்யும். அணுகுண்டு என்று பயமுறுத்தினால், இந்த அறிவியலை எடுத்துச்சொல்லி எல்லாக் கேள்விகளையும் ஒரே மூச்சில் தள்ளிவிட அதிகாரிகளுக்கு வழி கிடைத்துவிடுகிறது. உண்மையான ஆபத்தை உள்ளபடியே சொன்னால் போதும். மிகைப்படுத்தத் தேவையில்லாத அளவுக்கு அது பெரியது.

இனி அந்தப் பதிலுக்குள் போவோம். ‘ஒரு பெரிய விபத்தும் இல்லை’ என்ற கூற்று எப்படிக் கிடைத்தது? கணக்கின் எல்லையைச் சுருக்கியதால் கிடைத்தது. எல்.என்.ஜி. கப்பல்களை மட்டும் எண்ண வேண்டும், கடலில் நடப்பதை மட்டும் எண்ண வேண்டும், சரக்குத் தொட்டி உடைந்தால்தான் விபத்தென்று கொள்ள வேண்டும். இந்த மூன்று வேலிகளுக்குள் நின்றால் கணக்கு சுத்தமாக இருக்கும். துறைமுகத்துக்கு வருவது எல்.என்.ஜி. மட்டுமா? நம் அடுப்பில் எரியும் எல்.பி.ஜி. வருகிறது. உர ஆலைக்கான அமோனியாவும் திரவமாக்கிய வாயுவாகத்தான் கப்பலில் வருகிறது. இவற்றையும் கணக்கில் சேர்த்தால் படம் மாறிவிடுகிறது.

1974 நவம்பர் 9 அன்று டோக்கியோ விரிகுடாவில் யூயோ மாரு எண் 10 என்ற கப்பல் எல்.பி.ஜி.யையும் நாப்தாவையும் ஏற்றிக்கொண்டு வந்தது. உருக்கு ஏற்றிச் சென்ற பசிபிக் ஏரஸ் என்ற சரக்குக் கப்பல் அதன்மேல் மோதியது. இரண்டு கப்பல்களிலுமாக 33 பேர் இறந்தார்கள். தீ நாட்கணக்கில் எரிந்தது; அணைக்க முடியவில்லை. கடைசியில் யூயோ மாருவை வெளிக்கடலுக்கு இழுத்துச்சென்று, ஜப்பானியக் கடற்படை குண்டுகளாலும் டார்பிடோக்களாலும் அதை மூழ்கடிக்க வேண்டியிருந்தது. 2019 ஜனவரியில் கெர்ச் நீரிணை அருகே கேண்டி, மேஸ்ட்ரோ என்ற இரண்டு எல்.பி.ஜி. கப்பல்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வாயுவை மாற்றும்போது தீப்பற்றின. குறைந்தது 10 மாலுமிகள் மாண்டார்கள். இவை எந்தக் கணக்கில் சேரும்?

கரையில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 1997 செப்டம்பர் 14 விடியற்காலையில் விசாகப்பட்டினத்தில், துறைமுகத்தில் நின்ற கப்பலிலிருந்து சுத்திகரிப்பு ஆலையின் கோளத்தொட்டிக்கு எல்.பி.ஜி. ஏற்றிக்கொண்டிருந்தபோது கசிவு ஏற்பட்டது. அது தீப்பற்றித் தொட்டி தொட்டியாகப் பரவியது. ஏறத்தாழ 60 உயிர்கள் போயின. அங்கே கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கப்பல் துறையின் கணக்கேட்டில் அது சுத்தமான பயணம்தான். செத்தவர்களின் குடும்பங்களுக்கு அந்தக் கணக்கேட்டால் என்ன ஆறுதல்? வாயு கப்பலை விட்டு இறங்கிய நொடியிலேயே அது கப்பலின் பொறுப்பில்லை என்று கோடு போட்டுக்கொள்ளலாம். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் ஊர் இருக்கிறது.

அடுத்து, அந்தச் சுத்தமான வரலாறு எதனால் கிடைத்தது என்று கேட்க வேண்டும். கப்பலின் எஃகு மட்டுமே அதைத் தரவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அதை ஒட்டிய எவரெட்டில், மிஸ்டிக் ஆற்றங்கரையில், 1971 முதல் எல்.என்.ஜி. முனையம் இயங்கிவருகிறது. கப்பல்கள் நகரின் துறைமுகத்தைக் கடந்து, டோபின் பாலத்தின் அடியில் நுழைந்துதான் அங்கே போக வேண்டும். நெரிசலான துறைமுகத்திலும் எல்.என்.ஜி. கப்பல் பாதுகாப்பாக வரமுடியும் என்பதற்கு இந்த முனையத்தையே சான்றாகக் காட்டுவார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அங்கே என்ன நடைமுறை என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். கப்பலுக்கு முன்னால் 2 மைல், பின்னால் 1 மைல், இருபுறமும் 500 கஜம் வரை வேறெந்தக் கலமும் நுழையக் கூடாது. கப்பல் கடக்கும் நேரத்தில் பாலத்தின் மேல் வாகனப் போக்குவரத்தையே நிறுத்துவார்கள். ஒரு கப்பலுக்காக ஒரு பெருநகரத்தின் துறைமுகம் தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. நெரிசலைத் தற்காலிகமாக ஒழித்துவிட்டுத்தான் அந்தக் கப்பலை உள்ளே விடுகிறார்கள். அந்த வரலாற்றை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதை உண்டாக்கிய கட்டுப்பாட்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். விபத்தே செய்யாத ரயில் ஓட்டுநரின் நற்சான்றிதழைக் காட்டி, லெவல் கிராசிங்குக்குக் கேட் வேண்டாம் என்று சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா?

ஜப்பானும் இதே பாடத்தைத்தான் கற்றது. யூயோ மாரு எரிந்த பிறகு, எங்கள் கப்பல்கள் நல்லவை என்று சொல்லிவிட்டு அந்த நாடு உட்கார்ந்துவிடவில்லை. 1977இல் டோக்கியோ விரிகுடாவுக்கென்று கப்பல் போக்குவரத்தைக் கண்காணித்து வழிகாட்டும் மையம் இயங்கத் தொடங்கியது. கடல் விபத்துகளுக்கென்று தனி அமைப்பு உருவானது. துறையினரின் சொந்தக் கையேடே இதைத்தான் சொல்கிறது. எரிவாயுக் கப்பல் உரிமையாளர்களும் முனையங்களை நடத்துபவர்களும் சேர்ந்து 1979இல் அமைத்த சிக்டோ என்ற பன்னாட்டுச் சங்கம், 1997இல் எல்.என்.ஜி. துறைமுகங்களுக்கு இடம் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. மற்றக் கப்பல்கள் உரசிச்செல்லும் இடத்தில் கப்பல் அணையும் ஜெட்டி கூடாது, கசியும் வாயு மேகம் எட்டும் தூரத்தில் தீப்பற்றவைக்கும் எதுவும் இருக்கக் கூடாது, குடியிருப்புகளிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பவை அதன் சாரம். இதைச் சொன்னவர்கள் வளர்ச்சியின் எதிரிகளா? வாயுவை ஏற்றி இறக்கிப் பிழைப்பவர்களே எழுதிவைத்த எச்சரிக்கை இது.

இப்போது எண்ணூருக்கு வருவோம். காமராஜர் துறைமுகம் 2001இல் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத் தொடங்கியது. இன்று அங்கே நிலக்கரி, எண்ணெய், கார்கள், எல்.பி.ஜி. எல்லாம் கையாளப்படுகின்றன. கிழக்குக் கடற்கரையின் முதல் எல்.என்.ஜி. முனையம், ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவோடு, 2019இல் அங்கேதான் திறக்கப்பட்டது. வடக்கே ஒட்டினாற்போல் காட்டுப்பள்ளித் துறைமுகம். தெற்கே சற்றுத் தொலைவில் சென்னைத் துறைமுகம். நடுவே கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம், அதைச் சுற்றிக் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று மீனவ ஊர்கள். பெரிய கப்பல்கள் உள்ளே வருகிற அதே கடலில்தான் இந்த ஊர்களின் ஃபைபர் படகுகள் விடியுமுன் வலை போடப் போகின்றன.

இந்தக் கடலில் 2017 ஜனவரி 28 அதிகாலையில் பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பல், எல்.பி.ஜி.யை இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. 32 ஆயிரம் டன்னுக்கு மேல் எண்ணெய்ப் பொருட்களைச் சுமந்துகொண்டு டான் காஞ்சிபுரம் என்ற கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. துறைமுகத்துக்கு வெளியே சில கல் தொலைவில் இரண்டும் மோதின. வாயுக் கப்பலின் தொட்டிகளுக்கு ஒன்றும் நேரவில்லை. ‘கப்பல் உறுதியானது’ என்ற வாதம் அன்று முழுமையாக வென்றது. வென்ற அந்த வாதம் கரைக்கு என்ன தந்தது? டான் காஞ்சிபுரத்தின் எரிபொருள் எண்ணெய் கடலில் கொட்டி எர்ணாவூர்க் கரையில் தார்போல் அப்பிக்கொண்டது. மெரினா வரையும் அதற்குத் தெற்கேயும் படர்ந்தது. சுற்றுச்சூழலுக்குச் சேதமில்லை, எண்ணெய் மாசு இல்லை என்றுதான் துறைமுகத்தின் முதல் அறிக்கை சொன்னது. பிறகு கொட்டிய எண்ணெயின் அளவு நாளுக்கு நாள் ஏறி, 200 டன்னை ஒட்டி வந்து நின்றது. இயந்திரங்கள் போதாமல், தன்னார்வலர்களும் தொழிலாளர்களும் மாணவர்களும் வாளிகளில் அந்தக் குழம்பை அள்ளினார்கள். மீன் வாங்க ஆளில்லாமல் வடசென்னை மீனவக் குடும்பங்கள் வாரக்கணக்கில் வருமானமிழந்தன.

அந்த ஒரு மோதலிலேயே என் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு வாயுக் கப்பல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், துறைமுகத்தின் அதே கப்பல் வாய்க்காலில் வரும் அடுத்த கப்பல் எப்படி ஓட்டப்படுகிறது என்பதை அது தீர்மானிக்க முடியாது. அன்று வாயுக் கப்பல் சரக்கை இறக்கிவிட்டிருந்தது. முழுச் சுமையோடு உள்ளே வரும்போது, வேறொரு பெரிய கப்பல் வேறொரு கோணத்தில் அதன் விலாவில் இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை எழுப்புவது பீதியைக் கிளப்புவது ஆகாது. அது பொறியாளர்கள் எழுப்பியாக வேண்டிய முதல் கேள்வி. ஒரு கப்பல் உள்ளே வர, இன்னொன்று வெளியே போக, இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளியையும் நேரத்தையும் உறுதிசெய்வதுதான் துறைமுகத்தின் தலையாய வேலை. அந்த வேலை தவறும்போது எந்தக் கப்பலின் எஃகும் அதற்கு ஈடாகாது.

கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் இருக்கிறார், இழுத்துச்செல்லும் டக் படகுகள் இருக்கின்றன, மோதல் எப்படி நேரும் என்பார்கள். 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் டாலி என்ற சரக்குப் பெட்டகக் கப்பலில் பைலட்கள் இருந்தார்கள். துணைக்கு வந்த டக் படகுகள் வாய்க்காலில் விட்டுவிட்டுத் திரும்பியிருந்தன. அதன்பின் கப்பலில் மின்சாரம் போனது. சில நிமிடங்களில் அது பாலத்தை இடித்து வீழ்த்தியது. பாலத்தின்மேல் பழுதுபார்த்துக்கொண்டிருந்த 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். நவீனக் கப்பல், தேர்ந்த பைலட்கள், முன்னேறிய நாடு எல்லாம் சேர்ந்தும் ஒரு மின்தடைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. நெரிசலான துறைமுகத்தில் ஒரு கணத்தின் கோளாறைத் தாங்க இடமும் இல்லை, அவகாசமும் இல்லை.

‘கசிந்தாலும் காற்றோடு கலைந்துபோகும்’ என்பது அடுத்த சமாதானம். மீத்தேன் காற்றைவிட லேசானது என்று பள்ளிப் பாடத்தில் படித்தது இங்கே பாதி உண்மைதான். மைனஸ் 162 டிகிரியிலிருந்து அப்போதுதான் ஆவியான மீத்தேன் காற்றைவிடக் கனமானது. சூடேறும்வரை அது தண்ணீர்மேல் தாழ்ந்து படர்கிறது. வழியில் தீப்பொறி கிடைத்தால், நெருப்பு வந்தவழியே திரும்பிக் கொட்டிய இடம்வரை ஓடுகிறது. எல்.பி.ஜி.யில் உள்ள புரொப்பேன் சாதாரண வெப்பத்திலும் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அது எழும்பாது; பள்ளம், வடிகால், தாழ்வான வீடு எங்கும் இறங்கும். அமோனியா எரிவதைவிட மூச்சை அடைப்பதில் முந்திக்கொள்ளும். மூன்றையும் ‘எரிவாயு’ என்று ஒரே சொல்லில் அடக்கி, மூன்றிலும் சாதுவானதன் குணத்தை மற்ற இரண்டுக்கும் ஏற்றிச்சொல்வது அறிவியல் ஆகாது.

எல்.என்.ஜி.க்கே தூரங்கள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் 2004இல் வெளியிட்ட ஆய்வு, தற்செயல் விபத்தால் தொட்டி உடைந்தால் சுமார் 250 மீட்டருக்குள் கடும் பாதிப்பு இருக்கும் என்றது. தாக்குதலால் உடைந்தால் 500 மீட்டருக்குள் கடும் பாதிப்பு. 1,600 மீட்டரைத் தாண்டினால்தான் ஆபத்து தணியும். தீப்பற்றாமல் வாயு மேகம் பரவினால் இன்னும் தூரம் போகலாம். தொழில் தரப்பு இந்த ஆய்வை, பயந்த அளவுக்கு மோசமில்லை என்று காட்ட மேற்கோள் காட்டுகிறது. ஊர்க்காரர் இதே எண்களை வேறுவிதமாகப் படிக்க வேண்டும்: என் வீடு, என் பிள்ளையின் பள்ளி, என் படகு நிற்கும் இடம் இந்த வட்டங்களில் எதற்குள் வருகிறது? அந்தந்த வாயுவுக்கும் அந்தந்தக் கப்பல் பாதைக்கும் இப்படி வட்டம் போட்ட வரைபடம் எண்ணூரின் ஒவ்வொரு குப்பத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

‘வாய்ப்பு மிக மிகக் குறைவு’ என்பது அவர்களின் கடைசிக் கோட்டை. எண்களைக் கண்டு பொதுமக்கள் வாயடைத்துப்போவார்கள் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. நாமும் எண்களையே பேசுவோம். புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு. ஒரு செயல் பலமுறை நடந்து ஒருமுறையும் விபத்து நேரவில்லை என்றால், மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பதுதான், 95 விழுக்காடு உறுதியோடு சொல்லத்தக்க உச்ச வரம்பு. ஒரு துறைமுகத்துக்கு 300 கப்பல்கள் விபத்தின்றி வந்துபோயிருந்தால், அடுத்த கப்பலுக்கு விபத்து நேரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று மட்டுமே அந்த அனுபவத்தை வைத்துச் சொல்லலாம். நூற்றில் ஒன்று என்பது யாருக்கும் ஏற்புடைய ஆபத்தில்லை. ஆபத்து உண்மையில் அவ்வளவு பெரியது என்று நான் சொல்லவில்லை. சில ஆண்டு அமைதியை ஆதாரமாகக் காட்டுவது எவ்வளவு பலவீனமானது என்றுதான் சொல்கிறேன். உலகம் முழுவதன் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்கிறோம் என்றால், உலகம் முழுவதன் கட்டுப்பாடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறைந்த வாய்ப்பு என்பது ஒரு முனையத்துக்குப் போட்ட கணக்கு. எண்ணூர்க் கரையில் ஒன்றா இருக்கிறது? எல்.என்.ஜி.க்கு ஒரு கணக்கு, எல்.பி.ஜி.க்கு ஒன்று, அமோனியாக் குழாய்க்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று என்று தனித்தனி அறிக்கைகளில் தனித்தனியாகக் குறைவாகத் தெரிபவையெல்லாம் ஒரே குடும்பத்தின் தலைமேல்தான் கூட்டப்படுகின்றன. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தையும் படகுகளையும் வீடுகளையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து அமோனியா இறக்குவதற்காகக் கடலடிக் குழாயைக் குளிரவைக்கும்போது அது கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். புயலின் அலைகளில் பாறைகள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று விசாரணைக் குழு சொன்னது. புயல், குழாய், கப்பல், ஊர் நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் கரை இது. நான்கையும் தனித்தனிக் கோப்புகளில் வைத்து மதிப்பிட்டால், எந்தக் கோப்பிலும் உண்மையான ஆபத்து இருக்காது.

‘பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாம் இருக்கின்றன, அவை வல்லுநர்களின் பொறுப்பு, எல்லாவற்றையும் வெளியில் சொல்ல முடியாது’ என்று கதவடைக்கிறார்கள். இதைச் சட்டமே ஏற்கவில்லை. போபாலில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்த பிறகு நாம் பெற்றவை, அபாயகரமான வேதிப்பொருட்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி குறித்த 1989ஆம் ஆண்டு விதிகள். பெருவிபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய வெளியாட்களுக்கு ஆபத்தின் தன்மையையும், செய்ய வேண்டியதையும் கூடாததையும் தெரிவிக்க வேண்டியது ஆலையை நடத்துபவரின் கடமை என்று அவை சொல்கின்றன. ஆலைக்கு வெளியே உள்ள பகுதிக்கு அவசரகாலத் திட்டம் தயாரிக்க வேண்டியது மாவட்ட நிர்வாகத்தின் கடமை. 1996ஆம் ஆண்டு விதிகள் உள்ளூர் அளவில் நெருக்கடிக் குழு வேண்டும் என்கின்றன. இவற்றில் எதையும் ஊர்க்காரர்கள் பிச்சையாகக் கேட்க வேண்டியதில்லை. 2017இல் மாசே இல்லை என்று வந்த முதல் அறிக்கையும், 2023இல் மூக்கே சைரனாக வேலை செய்த அந்த இரவும் இந்த விதிகள் எவ்வளவு தூரம் ஊருக்குள் வந்திருக்கின்றன என்பதைக் காட்டிவிட்டன. எங்களை நம்புங்கள் என்று கேட்கிறவர்கள், நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டிய இரண்டு தருணங்களிலும் தவறியிருக்கிறார்கள்.

கடைசியாக, ‘அப்படியானால் எரிவாயுவே வேண்டாமா?’ என்று மடக்குவார்கள். வேண்டும். இந்தியா தன் எல்.பி.ஜி. தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. விறகுப் புகையில் கண்ணெரிந்த கோடிக்கணக்கான பெண்களுக்குச் சிலிண்டர் எவ்வளவு பெரிய விடுதலை என்பதை எவரும் மறுக்க முடியாது. அந்த வாயு கப்பலில்தான் வர வேண்டும், ஏதோ ஒரு துறைமுகத்தில்தான் இறங்க வேண்டும். தேவை இருக்கிறது என்பதால் பாதுகாப்பைக் கேட்கும் உரிமை குறைந்துவிடாது. நாடு முழுவதன் அடுப்பும் எரிவதற்காக ஒரு கரையோரத்து மக்கள் ஆபத்தைச் சுமக்கிறார்கள் என்றால், நாடு அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. 2017 ஜூனில் கொச்சியை அடுத்த புதுவைப்பில் எல்.பி.ஜி. முனையத்தை எதிர்த்துப் போராடியவர்கள்மேல் தடியடி நடந்தது. அந்தக் கடனை அடைக்கும் முறை அதுவல்ல.

என்ன செய்ய வேண்டும் என்பது மர்மம் ஒன்றுமில்லை. சுமையேற்றிய வாயுக் கப்பல் வாய்க்காலில் இருக்கும்போது வேறு பெரிய கப்பல் எதுவும் அதில் இருக்கக் கூடாது. அதைச் சுற்றி நகரும் தடைவளையத்தின் தூரம் எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். தீயணைப்பு வசதியுள்ள டக் படகுகள் வாய்க்கால் முடியும்வரை உடன்போக வேண்டும். காமராஜர், காட்டுப்பள்ளி, சென்னை ஆகிய மூன்று துறைமுகங்களின் கப்பல் போக்குவரத்தும் மீனவர்களின் தொழிலிடங்களும் ஒரே வரைபடத்தில் சேர்த்துத் திட்டமிடப்பட வேண்டும். எல்.என்.ஜி., எல்.பி.ஜி., அமோனியா, எண்ணெய் அனைத்தையும் கூட்டிய ஆபத்து மதிப்பீடு எண்ணூர்க் கரைக்கென்று செய்யப்பட்டுத் தமிழில் வெளிவர வேண்டும். ஒவ்வொரு குப்பத்திலும் சைரன் வேண்டும், ஆண்டுதோறும் ஒத்திகை வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். தொழில் போனால் மீனவருக்கு இழப்பீடு எத்தனை நாளுக்குள் என்பது விபத்துக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். இவற்றில் சில ஏற்கெனவே நடைமுறையில் இருக்கலாம். இருந்தால் அவற்றை ஊர் முன்னால் வைப்பதில் என்ன தயக்கம்? ஊருக்குத் தெரியாத பாதுகாப்புத் திட்டத்தால் விபத்து நாளில் ஊருக்குப் பயனில்லை.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குச் செலவாகும்; கப்பல்கள் காத்திருக்க வேண்டிவரும்; துறைமுகத்தின் வருவாய் கொஞ்சம் குறையலாம். அந்தச் செலவை வாயுவின் விலையில் ஒரு பகுதியாக நாம் அனைவரும் பகிர்ந்துகொள்வதே நியாயம். இன்று அது எண்ணூர் மக்களின் பயமாகவும், மூச்சுத்திணறலாகவும், விற்காத மீனாகவும் அவர்கள்மேல் மட்டும் விழுகிறது. அறுபதாண்டுச் சாதனையைப் பேசுகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தச் சாதனையை உண்டாக்கிய தூரங்களையும், நிறுத்தங்களையும், காவல்களையும், வெளிப்படைத்தன்மையையும் முழுமையாக இங்கே கொண்டுவாருங்கள். அதுவரை அந்தச் சாதனையை எண்ணூரின் பாதுகாப்புக்குச் சான்றாகக் காட்டும் உரிமை உங்களுக்கு இல்லை.